கோழிக்கூண்டுக்கு வெட்டிய காற்றுவழி

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் வீடு தங்காத மனுஷன், வீட்டோடு முடங்கினார். மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். காலையில் போனால் மாலையில்தான் திரும்புவாள். பேச்சுத்துணைக்கு இருக்கட்டும் என்று ஆறு கோழிகளை வாங்கி வந்தது அவள்தான்.

பழைய பலகைகளை வைத்து, ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்கு அவரே கூண்டு கட்டினார். மற்ற ஐந்தையும் அதட்டி மேய்த்த கோழிக்குப் பெரியம்மா என்று பேர் வைத்தார்.

பனிக்காலம் வந்தது. கோழிகள் சிறகை உப்பிக்கொண்டு ஒடுங்கி நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கூண்டைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். இடுக்குகளிலெல்லாம் சாக்கைத் திணித்தார்.

"இனி எறும்புகூட நுழையாது" என்றார் பெருமையாக.

பத்தே நாளில் பெரியம்மாவுக்கு மூச்சு கர்கர் என்று இழுத்தது. கொண்டை நுனி கறுத்துவிட்டது. போர்த்தியது போதாமல் குளிர் தாக்குகிறதாக்கும் என்று கூரைமேல் ஒரு கம்பளியையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முட்டை எடுக்கப் போன மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, உள்ள பலகையெல்லாம் தண்ணி வழியுது. எங்க இஸ்திரி ரூம்ல ஃபேன் நின்னா இப்படித்தான் ஆகும்."

"மழையே இல்ல, தண்ணி எங்கேருந்து வரும்?"

"அதுங்க விடுற மூச்சு, போடுற எச்சம், எல்லாம் ஈரந்தானே. வெளிய போக வழி விட்டீங்களா?"

"வழி விட்டா குளிர் வராதா? உனக்கு என்ன தெரியும்?"

அவள் வாதாடவில்லை. "சரி, நீங்களே அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்து பாருங்க."

வீம்புக்கு உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தினாள். எச்ச நெடியில் தொண்டை கமறியது. கூரையிலிருந்து சில்லென்று ஒரு சொட்டு பிடரியில் விழுந்தது. இரண்டே நிமிடத்தில் கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தார்.

"என்ன, பெரியம்மா திட்டிட்டாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "நல்லது பண்றேன்னு கொல்லப் பாத்திருக்கேன்டி."

"விடுங்க. குளிர அதுங்க இறகு தாங்கும். ஈரத்தத்தான் தாங்காது."

அன்றே தார்ப்பாயைப் பிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அவர் அறுக்க, அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கூரையை ஒட்டி, கோழிகள் உட்காரும் கழிக்கு மேலே, இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டிக் கம்பிவலை அடித்தார். காற்று கோழிகளின் தலைக்கு மேலேயே போய்விடும். நைந்த வைக்கோலை அள்ளிவிட்டுக் காய்ந்த மரத்தூளைக் கனமாகப் பரப்பினார். தண்ணீர்ச் சட்டியை வெளியே வைத்தார். முதுகு கெஞ்சியது, ஆனாலும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் பெரியம்மாவைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். மருந்து கொடுத்து மூன்று வாரத்தில் மூச்சு சீரானது. கொண்டை நுனி மட்டும் உதிர்ந்துபோனது.

மாதக் கடைசியில் அடுத்த தெரு பேக்கரிக்காரர் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டித் தருவீங்களா?"

"தரேன். ஆனா எங்க எவ்வளவு திறப்பு விடணும்னு எங்க வீட்டம்மாவத்தான் கேக்கணும்" என்றார் அவர்.