சுந்தரி சபையில் சொன்னது

மாதனூர் சுந்தரிக்கு வாய் நீளம் என்று பெற்ற தாயே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பதினோரு வருஷம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் உழைத்தவள், தாய்மாமன் நவநீதனையே கட்டியவள். மகன் அகிலனுக்கு மூன்று வயதாகியும் உச்சிக்குழி மூடவில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அங்கே கிரேஸி என்ற மரபணு ஆலோசகர் நிதானமாக விளக்கினார். எலும்புக்கு வலுத்தரும் கொலாஜனைச் செல் தனக்குள்ளேயே தயாரிக்கிறது. அதை வெளியே அனுப்பிவைக்க, புரதத் துண்டுகள் உள்சவ்வின் மேல் கூடி உறையாகி, சவ்வை வளைத்துச் சின்னப் பையாகக் கிள்ளியெடுக்கின்றன. பை பிரிந்ததும் உறை கழன்று, துண்டுகள் அடுத்த பைக்குப் போய்விடும். சுந்தரிக்கு உடனே பிடிபட்டது. கம்பெனியில் கால் வடிவ லாஸ்ட் கட்டைமேல் தோலை இழுத்து வடிவம் கொடுத்து, பிறகு கட்டையை உருவி அடுத்த ஷூவுக்கு வைப்பதில்லையா? அகிலனுக்கு உறையின் உள்ளடுக்கு உட்கார்ந்தாலும் வெளியடுக்கு வந்து சேர்வதில்லை. சரக்கு உள்ளேயே தேங்கிவிடுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் இப்படி ஆகும்.

அந்த ‘இருவரிடமிருந்தும்’ வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. கோளாறு சுந்தரியுடையது என்று முடிவாயிற்று. தன் தம்பி நவநீதனுக்கு நல்ல வாரிசு வேண்டுமாம், இளைய மகள் ஜோதியை அவனுக்கே இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடலாமாம். இது அம்மாவின் யோசனை. நவநீதன் வாயே திறக்கவில்லை. அதைத்தான் சுந்தரியால் மன்னிக்க முடியவில்லை. ஜோதிக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினாள். பொறாமை என்றார்கள்.

விரிஞ்சிபுரத்தில் தட்டு மாற்றும் அன்று, பங்காளிகள் நடுவே எழுந்து நின்றாள்.

“எங்க ரெண்டு பேர் ஒடம்புலயும் இருக்குது. ஜோதிக்கும் இருக்கலாம். மாமாவ கட்டுனா அவ புள்ளைக்கும் இதே கதி வரலாம். வெளிய கட்டுனா பயமில்ல.”

கடைசி வார்த்தை வருவதற்குள் கூட்டம் கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டது. தட்டு மாறவில்லை. நவநீதன் அன்றே வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து ஜோதியைப் பெண் பார்த்துப்போன நெமிலிக்காரர்கள், ரத்தத்தில் கோளாறாமே என்று பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

நேரில் போய் அவர்களுக்குப் புரியவைக்கிறேன் என்று சுந்தரி கிளம்பினாள். ஜோதி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாக்கா பேசப்போற? ஒரு தபா பேசினதே போதும். இனிமே என்ன யாரு கட்டுவான்னு மட்டும் ஒன் ஆஸ்பத்திரில கேட்டுனு வா.”