கால் ஊன்றாமல் மூன்று மேடுகள்

போன வாரம் மகளுக்கு வாங்கிய புது சைக்கிளோடு விரல் நீளத்தில் ஒரு எண்ணெய்க் குப்பி இலவசமாக வந்தது. செயினுக்குப் போடுவதாம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. சைக்கிள் எண்ணெய்க்கு வாசம் இல்லாமல் போகுமா? எனக்குத் தெரிந்த சைக்கிள் எண்ணெய் ராஜபாளையத்து மில்களில் கதிர் சுற்றுவதற்கு ஊற்றுகிற ஸ்பிண்டில் எண்ணெய்தான். தண்ணீர் மாதிரி இளகி ஓடும். மண்ணெண்ணெயும் பஞ்சுத் தூசியும் சேர்ந்த ஒரு வாடை அடிக்கும். எங்கள் ஊரில் தையல் மெஷின், கதவுக் கீல், கிணற்று ராட்டினம் எல்லாம் அதில்தான் ஓடின. மில்லுக்குப் போகிற ஆள் ஒருவராவது இல்லாத தெரு எது?

அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு போனால் நேரே செல்லத்தாயிடம் போய் நிற்பேன். பத்தாம் வகுப்புவரை எனக்குப் பக்கத்து இடம். பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், அவள் மில்லுக்குப் போனாள். மம்சாபுரத்திலிருந்து தினமும் அவளுடைய அப்பாவின் பார் வைத்த பெரிய சைக்கிளில், தாவணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வருவாள். என்னிடம் இருந்ததோ புத்தம் புதிய சிவப்பு லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடைகூட உண்டு. இரண்டு சைக்கிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கு அப்போது சந்தேகமே வந்ததில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மார்கழிக் காலை ஒன்றில் கல்லூரிக்குப் போகும் வழியில், படிப்பகத்துச் சுவரில் பசை காயாத ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். பொங்கலுக்கு முந்திய ஞாயிறு மாபெரும் சைக்கிள் பந்தயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி, மலையடிவாரப் பாதையில் மம்சாபுரம் வழியாக ராஜபாளையம். அதற்குக் கீழே விதிகள். நாலாவது விதி: மேட்டில் இறங்கித் தள்ளக் கூடாது, கால் தரையில் பட்டால் அவுட். முந்தைய வருடம் இரண்டு பேர் மேட்டில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடியே மற்றவர்களை முந்திவிட்டார்களாம். அதனால் வந்த விதி. நான் நோட்டீஸை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். எந்த வரியிலும் ஆண்கள் என்ற சொல் இல்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது. அன்று கல்லூரியில் என்ன நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள்.

பந்தயம் நடத்துகிறவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சுபேதார் மாமா. எங்கள் எல்லோருக்கும் அவர் மாமாதான். பெண்களுக்கும் ஒரு பந்தயம் வேண்டுமென்று நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய காரியம்.

"நடத்தலாம். ஆனா அஞ்சு பேரு வேணும். பேரு குடுக்கறதுக்கு அஞ்சு இல்லம்மா, கால ஊனாம வந்து சேருததுக்கு அஞ்சு. நாலு பேரு வந்தா அது பந்தயம் இல்ல. அடுத்த வருசம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

"சரி மாமா."

"மம்சாபுரத்துல இருந்துதான் ஒங்களுக்கு. மூணு மேடு இருக்கு. யோசிச்சுக்கோ."

எனக்கு யோசிக்கிற பழக்கம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. நானும் செல்லத்தாயும் இரண்டு பேர். என்னோடு படித்த ஸ்டெல்லாவும் அவள் தங்கையும் இரண்டு பேர். ஐந்தாவது ஆளுக்குத்தான் அலைந்தேன். ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள், ஒருத்தியை அண்ணன் உதைப்பான், ஒருத்திக்குக் கால்வலி. கடைசியில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, துணி காயப்போட்டுக்கொண்டே ஒரு குரல் வந்தது.

"நா வாரேன்."

நாகலட்சுமி அக்கா. அந்த வீட்டு மருமகள். வீட்டில் அவர்களுக்குத் தெலுங்கு, எங்களோடு பேச்சு தமிழ்.

"அக்கா, ஒங்களுக்கு சைக்கிள் வருமா?"

"ஏறத் தெரியும். ஓட்டத் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "எறங்கத்தான் தெரியாது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. சின்ன வயதில் தென்னந்தோப்புக்குள் பழகியவர். கல் மேல் கால் வைத்து ஏறுவார், தோப்பைச் சுற்றுவார், இறங்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். சைக்கிள் தானாக நின்றுவிடும். தார் ரோட்டில் தென்னைக்கு எங்கே போவது? பயிற்சி நடந்த பத்து நாளும் நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவரைப் பிடித்து இறக்கினோம். அக்காவின் மாமியார் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். "எம்மருமக எறங்குனதும் சொல்லுங்க, காப்பி போடுதேன்" என்பார்.

பயிற்சியாளர் நான்தான் என்று சொல்லவும் வேண்டுமா. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். மேட்டுக்கு மேடு எவ்வளவு வேகம் என்று அதில் எழுதியிருந்தேன். "மொத ரெண்டு மேட்டுல மூச்சச் செலவழிக்கப்படாது, மூணாவதுக்கு மிச்சம் வைக்கணும்" என்று எல்லோருக்கும் ஓதினேன்.

செல்லத்தாய் செயினுக்கு ஸ்பிண்டில் எண்ணெய் விட்டபடியே கேட்டாள். "ஏட்டி, தெனம் ஷிப்டுக்கு இந்த மேட்டுலதான் வாரேன். எனக்கே பாடம் எடுக்கியா?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்லா."

"இருக்கும், இருக்கும். ஞாயித்துக்கெழம பாப்போம்."

நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் காட்டாமல், என் பெயருக்கு நேராக ஒன்று என்று போட்டிருந்தேன். அக்காவின் பெயருக்கு நேராக ஒரு கேள்விக்குறி.

ஞாயிற்றுக்கிழமை பாதை நெடுக ஆட்கள். கையில் கரும்பை வைத்துக் கடித்துக்கொண்டே நின்றார்கள். மம்சாபுரம் முக்கில் விசில் ஊதியதும் செல்லத்தாய் அலட்டிக்கொள்ளாமல் முன்னால் போனாள். ஓர் இருபதடி இருக்கும். அந்த இருபதடியை என்னால் பொறுக்க முடியவில்லை. நோட்டும் முறையும் எங்கேயோ பறந்தன. முதல் மேட்டிலேயே எழுந்து நின்று மிதித்தேன். இரண்டாவது மேட்டிலும் மிதித்தேன். இருபதடி நாற்பதடி ஆனதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது மேடு ஒரு பாறைச் சரிவை ஒட்டி ஏறும். கீழே நின்று பார்த்தால் ரோடு சுவரில் சாய்த்து வைத்த ஏணி மாதிரி தெரியும். உச்சியில் சுபேதார் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கால்களை மட்டுமே பார்த்தார். பாதி மேட்டில் என் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. ஸ்டெல்லா என்னைத் தாண்டினாள். அவள் தங்கையும் தாண்டினாள். இருவரும் நான் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாகப் போனார்கள், பாவிகள்.

"காலேஜு நிக்கப் போகுது பாருலே" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

"செத்த நேரம் பொறு, விழட்டும்" என்றான் இன்னொருவன்.

சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கைப்பிடி இப்படியும் அப்படியும் ஆடியது. இடது கால் தானாகவே பெடலை விட்டு இறங்கத் தொடங்கியது. தரைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அக்காவைப் பற்றித்தானே இத்தனை நாள் பயந்தோம். குறையப்போகிற அந்த ஓர் ஆள் நான்தான் என்று அப்போது உறைத்தது. என்னால் ஒரு பந்தயமே இல்லாமல் போகப் போகிறது.

அப்போது பின்னாலிருந்து சத்தம்.

"ஜருகு, ஜருகு. எனக்கு நிக்கத் தெரியாது, ஜருகு."

பதற்றத்தில் அக்காவுக்குத் தெலுங்குதான் வந்தது, நகரு நகரு என்று. நகர என்னிடம் தெம்பு எங்கே இருக்கிறது? மோதப்போகிற நேரத்தில் அக்கா ஒரு கையை நீட்டி, தென்னையைப் பிடிக்கிற மாதிரி என் முதுகில் பதித்தார். துணி துவைத்து, ஆட்டுரலில் மாவாட்டி உரமேறிய கை அது. சைக்கிள் விசுக்கென்று நகர்ந்தது. கால் பெடலுக்குத் திரும்பியது. ஒரு மிதி, இன்னொரு மிதி. நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் உச்சியைத் தாண்டினோம். என் வாழ்க்கையில் அந்த இறக்கத்தில் அடித்த காற்று மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் அனுபவிக்கவில்லை.

செல்லத்தாய் முதல். ஸ்டெல்லாவும் தங்கையும் அடுத்தடுத்து. நாலாவது அக்கா. எல்லைக் கோட்டைத் தாண்டிய அக்கா அப்படியே கூட்டத்துக்குள் போய், ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார். கடைசியாக, ஐந்தாவதாக, பயிற்சியாளர் வந்து சேர்ந்தேன்.

சுபேதார் மாமா மேட்டிலிருந்து ஒரு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். இளவட்டங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகைப் பிடித்துத் தள்ளியது செல்லாது, ஐந்தாவது ஆள் அவுட், பந்தயம் ரத்து என்று ஒரே கூச்சல். அக்கா கம்பத்தை விடாமலே கேட்டார்.

"கையால தள்ளுனா அவுட்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கா?"

மாமா சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை உதடு அசைய வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

"போடல. நாலாவது விதி கால். கால நான் பாத்தேன், படல. அஞ்சு பேரும் வந்தாச்சு."

செல்லத்தாய் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு, அன்றைக்கே இரண்டு மணி ஷிப்டுக்குப் போனாள். மறுவருடம் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருடம் கும்பல். நோட்டீஸில் பெண்களுக்கென்று தனியாக ஒரு பத்தி. 'கையால் தள்ளக் கூடாது' என்று புதிதாக ஒரு விதியும் சேர்ந்தது. அதை என்னுடைய சாதனை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு ஸ்கூட்டிகள் வந்தன. மாமாவோடு சேர்ந்து பந்தயம் நடத்திய பையன்கள் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனார்கள். சுபேதார் மாமா இல்லை. நாகலட்சுமி அக்கா பெங்களூரில் மகனோடு இருக்கிறார். சுவர் நோட்டீஸை யார் நின்று வாசிக்கிறார்கள் இப்போது? இதையெல்லாம்கூட ஏற்றுக்கொள்ளலாம். அந்த மூன்றாவது மேட்டையே காணவில்லை என்றால் நம்புவீர்களா? ரோட்டை அகலப்படுத்தும்போது பாறையை உடைத்து, மேட்டைச் சீவி எடுத்துவிட்டார்கள். போன மாதம் காரில் போகையில் மகளுக்குக் காட்ட வேண்டுமென்று கையை நீட்டினேன். "எங்கம்மா?" என்று அவள் திரும்புவதற்குள் தாண்டிவிட்டோம். டிரைவர் கியர்கூட மாற்றவில்லை.

மேடு போனால் வேறு மேட்டைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். வருகிற ஞாயிறு அய்யனார் கோயில் பாதையில் சைக்கிளில் ஏறிப் பார்ப்பதென்று செல்லத்தாயும் நானும் பேசி முடித்துவிட்டோம். மில்லை விட்டு அவளுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. முழங்கால் வலிக்கிறது என்றுதான் சொன்னாள். நான் நம்பவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்றாள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், நான் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவதாக இருக்கிறேன்.