மூன்றாவது பேஸில் போட்ட அபராதம்

வெர்ன் காட்லிப்புக்கு லோனி புரூயிட் ஐந்து டாலர் கடன்பட்டிருந்தான். முப்பது வருஷக் கடன்.

வெர்ன் எட்டாவதோடு பள்ளியை விட்டுப் பருத்தி ஆலைக்குப் போனவர். ஓக்லஹோமாவின் அந்தச் சின்னக் கல்லூரிக்கு அவர் வந்ததே மைதானத்தில் புல் வெட்டத்தான். சீசன் நடுவில் பேஸ்பால் கோச் ஓடிப்போக, ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று இவரை நிறுத்தினார்கள். எழுநூறு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் அப்படி இன்னொருத்தர் கிடையாது. கடைசிவரை புல்லையும் அவரே வெட்டினார். மற்றவர்கள் வெட்டினால் கோணும்.

அவர் கோச்சான முதல் வருஷம் ஒரு ஆட்டத்தில், அவர் அணிப் பையன் லோனி மூன்றாவது பேஸைச் சுற்றி, தொட்டால் ரன் கிடைக்கும் ஹோமுக்குப் பாயப் பார்த்தான். கோட்டோரம் நின்ற வெர்ன் இரண்டு கையையும் தூக்கி அவனை நிறுத்திவிட்டார். அடுத்து மட்டை பிடித்தவன் அவுட். ஒரு ரன்னில் தோல்வி.

வெள்ளிக்கிழமைகளில் பையன்கள் உடைமாற்றும் அறையில் விளையாட்டாகக் கோர்ட் கூட்டி, தப்புச் செய்தவனுக்கு அபராதம் போடுவார்கள். அன்றைக்குக் கோச்சே குற்றவாளி.

"நான் ஓடியிருந்தா ஜெயிச்சிருப்போம், கோச்!" என்றான் லோனி.

"நீயா? புல்லு வெட்டுற மெஷின்கூட உன்னைத் தாண்டிப் போயிடும்டா."

அறையே சிரித்தது. அபராதம் மட்டும் குறையவில்லை. வெர்ன் ஐந்து டாலரை அவன் கையில் வைத்தார்.

"இது அபராதம் இல்ல, கடன். நான் நிறுத்துனது சரின்னு உனக்கே புரியிற அன்னிக்கு எனக்குத் திருப்பி எண்ணிக் குடு."

லோனி பிறகு பக்கத்து ஊர்க் கல்லூரியில் கோச் ஆனான். ஓடுகிற எவனையும் அவன் நிறுத்தியதில்லை. அவ்வளவு வீம்பு.

வெர்ன் ஓய்வு பெறும் வருஷம் இறுதி ஆட்டத்தில் இருவரும் மோதினார்கள். வெர்னுக்குக் கோப்பையும் வேண்டும், அந்த ஐந்து டாலரும் வேண்டும். கடைசி இன்னிங்ஸ். வெர்னின் அணி ஒரு ரன் முன்னால். லோனியின் பையன்கள் இரண்டு பேர் அவுட். இன்னும் இரண்டு பேர் பேஸ்களில். வெர்ன் இடதுபுறம் பந்து பிடிக்கிற தன் பையனை முன்னால் தள்ளி நிற்கச் சொன்னார்.

"பந்து தலைக்கு மேல போயிட்டா, கோச்?"

"போகாது. லோனி ஓடுன்னு கையை வீசுவான், நீ நேரா ஹோமுக்கு எறி."

அடித்த பந்து அந்த இடதுபுறப் பையன் முன்னால் விழுந்தது. ஒருவன் ஹோமைத் தொட்டுச் சமமாக்கினான். பின்னாலேயே குண்டுப் பையன் ஒருவன் மூன்றாவது பேஸைச் சுற்றினான். லோனி காற்றாடிபோல் கையைச் சுழற்றினான். எறிந்த பந்து அவனுக்கு முன்னால் ஹோமுக்கு வந்தது. அவுட்!

தங்கள் முறை வந்ததும் வெர்னின் பையன்கள் ஒரு ரன் எடுத்து ஆட்டத்தை முடித்தார்கள்.

லோனி சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே வந்தான். "வட்டி கேக்காதீங்க, கோச்."

"அந்தப் பையனைத் திட்டாத. உன்னைவிட அவன் வேகந்தான்."

வெர்ன் உள்ளங்கையை விரித்தார். லோனி ஒவ்வொரு டாலராக, சத்தமாக எண்ணி, ஐந்தையும் வைத்தான்.