நாலு, ஒண்ணு, ஆறு, மூணு

சென்ற மாதம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு குரலுக்கு, என் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து மறுபடியும் சொன்னேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே குறுஞ்செய்தியில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஏமாறுகிறவர்களைக் கேலி செய்து பத்திரிகையில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

பணம் போன புகாரை எழுதிக்கொண்ட வங்கி இளைஞர், இதற்கு முன்னால் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா ஆன்டி என்று கேட்டார். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்றேன். அது பொய். திருடியவருக்கு நானே எண்ணைச் சொல்லிக் கொடுத்தது இது இரண்டாம் முறை. முதல் முறை எனக்குப் பத்து வயது. அப்போது எண்ணைக் கொடுத்ததோடு நிற்காமல், அவர் தட்டில் இன்னொரு அப்பளமும் வைத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பல வருஷம் மோட்டார் சைக்கிளில் போய்வந்த பிறகு ஒரு பழைய கார் வாங்கினார். காருக்கு யோசித்ததைவிட அதிகமாக யோசித்து அதற்கு ஒரு ரேடியோ வாங்கினார். அந்த நாளில் கோலாலம்பூரில் கார் ரேடியோ வைத்திருப்பது என்றால், அது எப்போது காணாமல் போகும் என்று காத்திருப்பதுதான். எங்கள் மாடியிலேயே ஒருவர், கைப்பிடி வைத்த ரேடியோவைக் காரிலிருந்து அப்படியே உருவி எடுத்து, டிபன் கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவார். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, இன்னொரு கையில் ரேடியோ. சன்னிதியில் ரேடியோவைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடாமல் கும்பிடுவார்.

அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். அவர் வாங்கியது எண் பூட்டு வைத்த ரேடியோ. மின்சாரக் கம்பியைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். மறுபடி எந்த வண்டியில் மாட்டினாலும் நான்கு இலக்க எண்ணைக் கேட்கும். மூன்று முறை தப்பாக அமுக்கினால் வாயை மூடிக்கொள்ளும். களவு போனாலும் களவாண்டவனுக்கு அது வெறும் டப்பாதான் என்று கடைக்காரர் சொன்னதை, அப்பா ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த எண் நாலு, ஒண்ணு, ஆறு, மூணு. அரசாங்கப் பரீட்சையில் தேறியபோது அவருக்கிருந்த வரிசை எண் அது. வாழ்க்கையில் அவருக்கு அதிர்ஷ்டம் கொடுத்த ஒரே எண் என்றும் சொல்லலாம். கண்ணாடி போடாமல் அவருக்குப் பொத்தான்கள் தெரியாது. கடைக்காரர் முன்னால் கண்ணாடி போட ரோஷம். ஆகவே அமுக்கியது நான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. அம்மாவுக்குத் தெரிந்தால் அவள் தம்பிக்குப் போய்விடும் என்பது அவர் எண்ணம்.

அந்தத் தம்பி, என் மாமா, போர்ட் கிள்ளானில் இருந்தார். கண்டெய்னர் லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துபோய்ச் சரக்கு இறக்குகிற வேலை. வேலை இருக்கிற நாளில். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சாப்பிட வருவார். கையில் ஒரு பை, பையில் நண்டோ இறாலோ. என்னை மருமவளே என்றுதான் கூப்பிடுவார். அவர் வருகிற நாளில் மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். மற்ற நாளில் ரயில்வே பற்றித்தான் பேச்சு.

ஒருமுறை மாமா அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போனார். இரண்டு புது டயரோடு போனது, இரண்டு வழுக்கை டயரோடு திரும்பி வந்தது. அன்றைக்கு அப்பா அம்மாவிடம், “இதுதான் கடைசி. இனிமே என் சாமான் எதாச்சும் காணாமப் போச்சு, உன் தம்பிக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது” என்றார். அவர் கத்தவில்லை. அலுவலகச் சுற்றறிக்கையை வாசிப்பது மாதிரி சொன்னார். கத்தியிருந்தால் அம்மா பயந்திருக்க மாட்டாள். அதிலிருந்து, மாமா கை கழுவ எழுந்து போனால்கூட அம்மாவின் கண் அவர் பின்னாலேயே போய், அவரோடு திரும்பி வரும்.

ரேடியோ வாங்கி நான்கு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினோம். அப்பாவும் அம்மாவும் பைகளோடு முன்னால் மாடியேறிவிட்டார்கள். காரிலிருந்து கடைசியாக இறங்கியது நான். மாமா வந்திருந்தார், மதியம் நண்டுக் குழம்பு. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இரண்டு மணிக்கு மாமா பையோடு கிளம்பினார். கால் மணி நேரத்தில், குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனார். கார் சாவி சமையலறைக் கதவோரம், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அன்றைக்கு மழை பெய்யவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அப்பா கீழே போனார். ரேடியோ இருந்த இடத்தில் ஓர் ஓட்டையும் நான்கு கம்பிகளும் இருந்தன. கண்ணாடி உடையவில்லை, பூட்டில் கீறல் இல்லை. மேலே வந்தவர் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “உன் தம்பி எப்பப் போனான்?”

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அவன் ரெண்டு மணிக்கே போய்ட்டான். பாப்பாதான் கார்லேருந்து கடைசியா எறங்கினா. கதவை அமுக்காம வந்திருப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார். கதவைப் பூட்டுகிற பொத்தானை அமுக்கினாயா என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை செய்கிற காரியத்தை அன்றைக்குச் செய்தோமா என்று யாருக்கு நினைவிருக்கும்? நான் யோசித்தேன். யோசித்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாளில், அமுக்காமல் விட்ட பொத்தான் நிமிர்ந்து நின்றதை நான் கண்ணால் பார்த்த நினைவே எனக்கு வந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. அதன் பிறகு நான் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் திரும்பிப் போய்க் கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அடித்திருக்கலாம்.

இதற்குள் குடியிருப்பில் பாதிப் பேர் அப்பாவிடம் அந்த எண்ணைக் கேட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் அது தப்பில்லை. கார் மோதினால், அடிபட்டவரைத் தூக்குகிறவர்களுக்கு முன்னால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்கள் வந்துவிடுவார்கள். நல்லது கெட்டது எதிலிருந்து நான்கு இலக்கம் கிடைத்தாலும், நம்பர் கடையில் போய் அந்த எண்ணுக்கு லாட்டரி வாங்குவார்கள். கெட்டதிலிருந்து வந்தால் விழும் என்று நம்பிக்கை அதிகம். அப்பா யாருக்கும் சொல்லவில்லை. ரேடியோ போனாலும் ரகசியம் ரகசியம்தான் என்றார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். பிரிக்பீல்ட்ஸே இப்படித்தான் அத்தான், பேசாமல் கிள்ளானுக்கு வந்துவிடுங்கள் என்றார். எல்லோரையும் போல அவரும் எண்ணைக் கேட்டார். எல்லோருக்கும் சொன்ன பதிலையே அப்பா அவருக்கும் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னால், மாடி நடைபாதையில் நான் தனியாக நின்றுகொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன மருமவளே, மூஞ்சி இப்படி இருக்கு? அழுதியா?”

கதவை அமுக்காமல் விட்டது நான்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கீழே நிறுத்தியிருந்த எங்கள் காரையே பார்த்தார். பிறகு சொன்னார்: “நம்பர் மட்டும் சொல்லு. அடிச்சிச்சு, உங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு ரெண்டு ரேடியோ. கதவு கதையெல்லாம் மறந்துடுவாரு லா.”

“சத்தியம் பண்ணிருக்கேன் மாமா.”

“வாயால சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம்? விரலால காட்டு.”

இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது ஒரு வாரமாக அழுதிருக்கிறோமே என்று தோன்றியது. நான்கு விரல் காட்டினேன். பிறகு ஒன்று. பிறகு இரண்டு கையிலுமாக ஆறு. பிறகு மூன்று. மாமா என் மூன்று விரல்களையும் மெதுவாக மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து, என் கையைத் தட்டிக் கொடுத்தார். சாப்பாட்டில் அவருக்கு இன்னொரு அப்பளம் வைத்தேன். எங்களுக்குள் இப்போது ஒரு ரகசியம் இருந்தது.

நம்பர் அடிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் கிள்ளானில் அம்மாவின் உறவில் ஒரு கல்யாணம். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு கிள்ளான் வரைக்கும் ஓட்ட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். தவிர, ரயிலில் அவருக்குப் பாஸ் உண்டு. ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு ஒரு கார் சொல்லி வைத்திருப்பதாக மாமா சொல்லியிருந்தார். அந்த ஆளின் வண்டி அன்று காலை படுத்துவிட்டது. அவர் தனக்குத் தெரிந்த இன்னொருவரை அனுப்பியிருந்தார். மாமாவோடு லோரியில் ஓடுகிறவராம். இது மாமாவுக்குத் தெரியாது.

அந்த அண்ணன் எங்களை ஏற்றிக்கொண்டதும் காரைக் கிளப்பாமல் முன்பக்க மூடியைத் திறந்தார். திருட்டுக்குப் பயந்து, வண்டியை நிறுத்தும் போதெல்லாம் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிடுவாராம். “கிள்ளான்ல கண்ணை மூடினா டயரோட போயிரும்ண்ணே” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே கம்பியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ரேடியோவில் எழுத்துகள் மின்னி மின்னி எண் கேட்டன. அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினார், மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு.

“நாலு. ஒண்ணு. ஆறு. மூணு.”

பாட்டு வந்தது.

“அப்பா, நம்ம நம்பர்” என்றேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அப்படியா பாப்பா? அப்ப ராசியான நம்பர்தான். உங்க தம்பிதான் அக்கா இதைக் கொடுத்தாரு. மொதல்ல நம்பர் இல்லாமக் கொண்டாந்தாரு, நான் வேணாம்னுட்டேன். அது இல்லாட்டி வெறும் டப்பாதானே? அடுத்த வாரம் நம்பரோட வந்து நின்னாரு.”

நான் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்துக்காகப் பயந்துகொண்டிருந்தேன். மாமா என் நம்பரை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். கிள்ளானில் எல்லோரும் அதை ரேடியோவுக்கு வைத்துக்கொள்கிறார்கள். சத்தியத்தை மீறினேன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இதோ திரும்பிக் கேட்கப் போகிறார். அப்பா திரும்பவில்லை. ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், “பாட்டு நல்லா கேக்குது” என்றார். அந்த அண்ணன் சந்தோஷமாகச் சத்தத்தைக் கூட்டினார்.

மண்டப வாசலில் மாமா பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாங்கள் இறங்கிய காரைப் பார்த்தார். செம்பு அவர் கையில் இருந்தது, தெளிக்க மறந்துவிட்டார். அப்பா தானாகவே அவர் முன்னால் போய் நின்று, தலையைக் கொஞ்சம் குனிந்து, தெளிக்கும்வரை காத்திருந்தார். “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாமாவைக் கடந்து போனாள்.

பந்தியில் மாமா கேசரி வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்தார். மற்ற இலைகளுக்கெல்லாம் கரண்டி வேகமாகப் போய் வந்தது. அம்மாவின் இலை முன்னால் வந்ததும் நின்றது. அம்மா இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தாள். “போதும்” என்றாள். அவள் இலையில் இன்னும் ஒன்றுமே பரிமாறியிருக்கவில்லை. எனக்கு ரெண்டு கரண்டி மாமா, என்றேன் நான். வைத்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா மூன்று பேருக்குத்தான் அரிசி கழுவினாள். மாமாவுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் அப்பா இரண்டு முறை வாசல் வரைக்கும் போய்வந்தார். பிறகு, வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனிதர், அலமாரியைத் திறந்து நான்காவது தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அம்மா அதை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தாள். கழுவி வைத்திருந்த தட்டுதான் அது. சோறு கிடையாது என்று சொன்னவர் சோறு போடத் தயாராக இருந்தார். தம்பிக்காகப் பயந்துகொண்டிருந்தவள் கதவைச் சாத்தினாள். இது எனக்குப் புரிய அதன் பிறகு பல வருஷம் ஆயிற்று.

அப்பா அந்த ஓட்டையில் ஒரு பலகையைப் பொருத்தினார். அதன் பிறகு எங்கள் காரில் ரேடியோ கிடையாது. மாமா பிறகு வரவேயில்லை. பதினோரு வருஷம் கழித்து, பந்திங் சாலையில் லோரி கவிழ்ந்து இறந்துபோனார். தகவல் வந்தபோது அம்மா போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து நான்கு பேருக்கு அரிசி கழுவினாள். நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு மிஞ்சியது. அதை அவளே ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

அப்பா இப்போது இல்லை. அம்மா என்னோடு செராஸில் இருக்கிறாள். காரைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி, மறுபடி இறங்கிப் போய்க் கதவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதை அவள் தினம் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. வங்கியில் புகார் கொடுத்துவிட்டு வந்த அன்று, அவள் கூடத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஏமாந்த கதையைச் சொன்னேன். சொன்ன வேகத்தில் பழையதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். மாமாவிடம் நம்பரைக் காட்டிக் கொடுத்தது நான்தான், முதலில் கதவை அமுக்காமல் விட்டு அவருக்கு வழி விட்டதும் நான்தான், உன் தம்பியை உன்னிடமிருந்து பிரித்தது நான்தான் என்றேன். முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்து வைத்த வாக்குமூலம்.

அம்மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளித் தனியாகப் போட்டாள்.

“கதவை நீ அமுக்கினே. ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தே. நான் மேலேருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.”