சமக்குறிக்கு இரு பக்கமும்

நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மேல் வரி என் கையெழுத்து. கீழே டைப்பிஸ்ட் அம்மாவின் குண்டு எழுத்து: "இடம் விடவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்."

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில், சேலைக்கரை டிசைன் போடக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கவனிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்தக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருவன்தான். தலைக்கனம் ஏறியிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா எழுபதுகளில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அன்று முதல் அதே கடைக்குக் கடிதம் அடித்தவர். பிழை விடாதவர் என்ற பெயர்தான் அவர் சேர்த்த சொத்து. முதலாளி அவரை எனக்கு உதவியாக மாடிக்கு அனுப்பினார்.

டிசைன்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று தினமும் ஒரு வரி அடித்து, கம்ப்யூட்டரில் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல்லுக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் அம்மா சமக்குறிக்கு இரு பக்கமும் இடம் விட்டு அடித்தார். டைப்ரைட்டிங் பரீட்சையில் அதுதான் முறை, ஷெல்லுக்கு ஆகாது. "பரீட்சை ஹால்னு நெனச்சிக்கினீங்களாம்மா?" என்றேன். அறையே சிரித்தது. நானே அடித்துச் சரிசெய்தேன். பிறகு ஒரு சீட்டில் வரியை எழுதி, "இதைப் பார்த்து அடிங்க" என்று நீட்டினேன்.

மறுநாள் அவர் அடித்தும் டிசைன்கள் வரவில்லை. முகூர்த்த மாதம், தறிகள் காத்திருந்தன. முதலாளி மேலே வந்து என்னவென்று கேட்டார். "அவங்களுக்கு அடிக்க வரலைங்க" என்றேன்.

"சீட்டுல இருக்கிறதத்தான் சார் அடிச்சிக்கினு இருக்கேன். இடம் உடல. ஒரு தரம் பாருங்க சார்" என்று அம்மா சீட்டை என்னிடம் நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. அன்று மாலையே அவரைச் சேலை மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். போகும்போது சீட்டில் என் வரிக்குக் கீழே ஏதோ எழுதி, கீபோர்டின் அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் புதிதாக வந்தவருக்குக் காட்ட, அந்தச் சீட்டைப் பார்த்து நானே அடித்தேன். வரவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது. வரியின் முன்னால் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் வேண்டும். அது இல்லாவிட்டால் ஷெல் சேதியைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், டிசைன் நிரலுக்குச் சொல்லாது. பழக்கத்தில் நான் அடிக்கும்போது அந்தச் சொல் தானாக விரலில் வந்துவிடும். சீட்டில் எழுத மறந்திருக்கிறேன். வெளிநாட்டுக்குச் சேலை அனுப்பும் கீழ்க் கடையில் நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல்தான் அது.

படி இறங்கிப் போய் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் அவரே வந்து பேசினார். "அன்னிக்கி நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிதா சார்? தெரிஞ்சா மனசு ஆறும்பா."

"பழசு எதுக்கும்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டு, என் ஊருக்குப் போகாத ஒரு பஸ்ஸில் ஏறினேன்.

இப்போது அவர் இல்லை. சீட்டைப் பிரித்துப் பார்க்கிறேன். மேல் வரியில் ஒரு சொல் குறைகிறது. கீழ் வரியில் ஒரு பிழையும் இல்லை.