நிரப்பாமல் விட்ட மூன்று கட்டங்கள்

எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் ஒரு தாதியர் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த மாணவி எந்த வைத்தியசாலையில் எந்த வார்ட்டுக்குப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஒழுங்கு செய்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் வேலை ஓடாது. வார்ட் பொறுப்பாளர்கள் எங்களுக்கு இப்போது ஆள் வேண்டாம் என்பார்கள். மாணவிகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

அதற்கு முன்பு நானும் தாதியாகத்தான் இருந்தேன். ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு மேசைக்கு மாற்றினார்கள். அப்போது என் அறைச் சுவரில் ஒரு பெரிய இரும்புப் பலகை இருந்தது. அதில் வார்ட்டுகளின் பெயர்கள், ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு காந்தத் துண்டு. ஒரு துண்டு ஒரே மூலையில் தேங்கி நின்றால் கண்ணைக் குத்தும். எழும்பிப் போய் நகர்த்திவிடுவேன். ஏன் நகர்த்தினாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, பலகையைக் கழற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். இணையவழி முறை வந்தது. அதை விற்ற கம்பனியிலிருந்து வந்த இளைஞர் ஒரு நாள் முழுவதும் எங்களுக்குப் படிப்பித்தார். "இந்த முறைக்கு யாரையும் தெரியாது. அதனால்தான் இது நியாயமானது" என்றார். யாரையும் தெரியாதவர் எப்படி நியாயம் சொல்வார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு பயிற்சிச் சுற்றுக்கும் முன்னால் மாணவிகள் தங்கள் கடவுச்சொல்லோடு உள்ளே போய், மூன்று கட்டங்களில் மூன்று விருப்பங்களைப் பதியவேண்டும். கணினி அதைப் பார்த்து இடங்களைப் பிரிக்கும். என் திரைக்கு வருவது பிரித்து முடிந்த பட்டியல் மட்டும். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் அது எல்லோருக்கும் வெளியாகிப் பூட்டப்பட்டுவிடும். இனி உங்கள் வேலை சுலபம், பொத்தானை அழுத்தினால் போதும் என்று பள்ளி அதிபர் சொன்னார். இவ்வளவு காலத்து அனுபவம் கடைசியில் ஒற்றை விரலில் வந்து நின்றது.

அப்போது படித்த ஒரு வகுப்பில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் தாயோடு இங்கே வந்தவள். தாய் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்பவர். கோயிலில் கண்டு பழக்கம். மகள் கெட்டிக்காரி, அதிகம் கதைக்கமாட்டாள். முறை வந்த நாளிலிருந்து அவளுக்கு விழுந்ததெல்லாம் மற்றவர்கள் தொடாத இடங்கள். முதலில் மலை உச்சியில் இருந்த முதியோர் இல்லம். பிறகு முதியோர் வார்ட். பிறகு மறுபடியும் அதே மலை. முதியவர்களைப் பராமரிப்பதில் ஒரு குறையும் இல்லை, நானே அந்த வேலையில்தான் முதுகைக் கொடுத்தேன். ஆனால் சட்டப்படி ஒவ்வொரு மாணவியும் சிறுவர் வார்ட்டிலும் பயிற்சி செய்திருக்கவேண்டும். செய்யாதவரை இறுதிப் பரீட்சைக்கு விடமாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நான் அதிபரிடம் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர், "அடுத்ததில் கிடைத்துவிடும்" என்றார்.

பரீட்சைக்கு முந்திய கடைசிச் சுற்றின் பட்டியல் வந்தது. அவள் பெயருக்கு நேரே மறுபடியும் மலை.

அன்று நான் சண்டை பிடித்து, மாணவிகளின் விருப்பப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் அனுமதியை வாங்கினேன். அவளுடைய பக்கத்தைத் திறந்தால் மூன்று கட்டங்களும் வெறுமை. முந்திய சுற்றைப் பார்த்தேன், அதுவும் வெறுமை. அதற்கு முந்தியதும் அப்படித்தான். வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இதை ஏன் நிரப்பேல்லை?"

"எங்கை விட்டாலும் நான் செய்வன் அன்ரி. அதுதான் சும்மா விட்டனான்."

"எங்கை விட்டாலும் செய்யிற ஆளுக்கு இது என்னத்தைக் குடுக்கும் தெரியுமோ? ஒருத்தரும் எடுக்காததைக் குடுக்கும்."

"அப்ப போய்க் கெஞ்சச் சொல்லுறீங்களோ?" அவளுடைய குரலில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை, கோபம் இருந்தது. "நான் வேலை செய்யிறதை எல்லாரும் பாத்தவைதானே. எனக்கு எது இன்னும் கிடைக்கேல்லை எண்டு அவைக்குத் தெரியாதோ? கண் இருக்குத்தானே."

அதுவரை அவளை ஒரு பசு என்று நினைத்திருந்தேன். இது பசு இல்லை, என் சாதிதான் என்று அப்போது தெரிந்தது. என்ன, நான் கத்துகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவள் செய்தது எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் வீடுகளில் சாப்பிட வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டால், காணும் காணும் என்று சாப்பாட்டுக் கோப்பையைக் கையால் மறைப்பார். அந்தக் கையை விலக்கிப் போடுவதுதான் போடுகிறவருக்கு அழகு. கேட்ட உடனேயே ஓம் போடுங்கோ என்கிறவரைப் பற்றிப் பிறகு வீட்டில் இருந்து கதைப்போம். நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கேக் வேண்டுமா என்று கேட்டார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்தக் கேக்கை இன்றுவரை நான் மறக்கவில்லை. இந்தப் பிள்ளையும் கட்டங்களை வெறுமையாக விட்டுக் கோப்பையை மறைத்திருக்கிறாள். கணினி கையைப் பார்த்துவிட்டுச் சட்டியோடு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

"கண் மனிசருக்குத்தான் இருக்கு" என்றேன். "இதுக்கு இல்லை. பலகை இருந்தவரைக்கும் நான் பாத்தன். பலகையைக் கழட்டிப்போட்டினம்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதிபரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஆட்கள் சுகமாக இருப்பார்கள் என்று உண்மையாகவே நம்பியவர். "கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவள் கேட்கவில்லை. நான் ஒருத்திக்குச் சலுகை காட்ட முடியாது. பயிற்சியை அரை வருடம் நீட்டி, அடுத்த வகுப்போடு எழுதட்டும்" என்றார். கோப்பி வேண்டுமா என்று கேட்கிற மாதிரித்தான் அதைச் சொன்னார். படிப்பு முடிந்ததும் அவளை வேலைக்கு எடுப்பதாக ஒரு வைத்தியசாலை சொல்லியிருந்தது. அந்த இடம் அரை வருடம் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஆனால் அழாத பிள்ளையைப் பட்டினி போடு என்று யாரும் சொன்னதில்லை.

"அப்படியானால் நான் பொத்தானை அழுத்தமாட்டேன்" என்றேன்.

அழுத்தவில்லை. பட்டியல் வெளியாகவேண்டிய நாள் வந்து போனது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. எனக்கு எத்தனை மாணவிகள் வருகிறார்கள் என்று ஒரு வார்ட் பொறுப்பாளர் கத்தினார். கணினியிடம் கேளுங்கள், அது நியாயமானது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதிபர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இது கட்டளை" என்றார்.

"சரி. எழுத்தில் தாருங்கள். சிறுவர் வார்ட் பயிற்சி இல்லாமல் ஒரு மாணவியின் கடைசிப் பட்டியலை வெளியிடச் சொல்லி, உங்கள் கையெழுத்தோடு."

இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்து நான் படித்த பெரிய பாடம் இதுதான். வாயால் எவ்வளவும் சொல்வார்கள். எழுத்தில் தாருங்கள் என்றதும் கொஞ்சம் யோசிப்பார்கள். என்னிடம் எத்தனை அலுவலகங்கள் இதே வசனத்தைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. ஒருமுறை நான் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதிபர் எழுதித் தரவில்லை, வந்தபோது சாத்திய கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் பிள்ளையின் தாய் அழைத்தார்.

"அக்கா, மகள் சொன்னவள். எங்களுக்காக நீங்கள் பெரிய ஆக்களோடை கொழுவாதேங்கோ. அரை வருசம்தானே, போகட்டும். பிறகு எங்கடை பேரெல்லோ கெட்டுப்போகும்."

"கெட்டால் என்ரை பேர்தான் கெடும். அது ஏற்கெனவே கெட்டுத்தான் கிடக்கு" என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்த வேறு சிலவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் அக்கா, ஓம் அக்கா என்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

அடுத்த நாள் அதிபர் ஒரு வழியோடு வந்தார். சிறுவர் வார்ட் பொறுப்பாளரோடு பேசியிருக்கிறார். இன்னொருத்தியைச் சேர்க்கலாம், ஆனால் தலையில் கட்டிவிடுகிற ஆள் வேண்டாம், விரும்பி வருகிற ஆள் வேண்டும் என்று அந்தப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். "அவளுடைய பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். என் முன்னால் அவளே விருப்பத்தைப் பதியட்டும். அப்போதுதான் விதிக்குள் வரும்" என்றார் அதிபர்.

அவள் வந்தாள். என்னுடைய கதிரையில் உட்கார்ந்தாள். அதிபர் அவளுக்குப் பின்னால் நின்றார், நான் யன்னலோரம் நின்றேன். வெளியே வழக்கமான மழை. கேட்பாளா, இல்லை இங்கேயும் வீம்புக்கு வாயை மூடிக்கொள்வாளா என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் கட்டத்தில் சிறுவர் வார்ட் என்று பதிந்தாள். இரண்டாவது கட்டத்தில் சிறுவர் வார்ட். மூன்றாவதிலும் சிறுவர் வார்ட். திரை சிவந்தது. ஒரு விருப்பத்தை ஒருமுறைதான் பதியலாம் என்று எழுத்து வந்தது.

"மற்ற இரண்டிலும் வேறு இடங்களைக் குறிக்கவேண்டும்" என்றார் அதிபர்.

அவள் திரும்பி அவரை நேரே பார்த்தாள். தெளிவான ஜேர்மனில், "எனக்கு இரண்டாவது விருப்பம் இல்லை" என்றாள். "இருந்தால் நீங்கள் அதைத்தான் தருவீர்கள்."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அதிபர் குனிந்து, தன்னுடைய கடவுச்சொல்லைப் போட்டு, பட்டியலில் அவள் பெயரை மலையிலிருந்து எடுத்துச் சிறுவர் வார்ட்டுக்குக் கீழே தன் கையாலேயே வைத்தார். அடுத்ததில் அடுத்ததில் என்று சுற்றுக்குச் சுற்று தள்ளிப்போட்ட வேலை, ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பொத்தானை அழுத்தினேன்.

சிறுவர் வார்ட் பொறுப்பாளர் பின்னர் ஒருநாள் தொலைபேசி எடுத்து, "உங்கள் மாணவி தன்னுடைய வேலை நேரத்தையும் தானே சொல்கிறாள், இது என்ன பழக்கம்" என்றார். நல்ல பழக்கம் என்றேன். கோடையில் அவள் தன் வகுப்போடு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். சொன்ன வைத்தியசாலை அவளை எடுத்தது.

அதற்குப் பிறகு தாய் ஒரு பெட்டி நிறைய வடையோடு அலுவலகத்துக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்லி முடித்த பிறகும் கதிரை நுனியில் இருந்துகொண்டு எழும்பாமல் இருந்தார்.

"அக்கா, எனக்கும் ஒண்டு கேக்கவேணும். உங்களிட்டை இல்லை, என்ரை வேலையிலை."

"என்னத்தை?"

"காலமை வேலை, விடிய வந்து மத்தியானம் வீட்டை போறது. வந்த நாள் துவக்கம் எனக்குப் பின்னேர வேலைதான். மகள் வளர்ந்த காலம் முழுக்கத் தனியத்தான் சாப்பிட்டவள். அவையளாப் பாத்து மாத்தித் தருவினம் எண்டு இருந்தனான். ஒருநாளும் கேட்டதில்லை."

தொலைபேசியில் இவரை நான் ஏசிய ஏச்செல்லாம் நினைவுக்கு வந்தது. என் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்கு எங்கடை வேலைப் பொறுப்பாளர் வாறார்" என்றார் அவர். "காலமை ஏலாதெண்டா வேறை என்ன வேணுமெண்டு கேப்பினம். அப்ப என்ன சொல்லுறது எண்டு மகளிட்டைக் கேட்டனான். திரும்பவும் காலமை எண்டு சொல்லுங்கோ அம்மா எண்டாள்."

"மூண்டாந்தரம் கேட்டால்?"

"அதையும் கேட்டனான் அக்கா" என்றார். "அப்பவும் காலமைதானாம்."