விளக்கும் வேண்டாம், பிளேனும் வேண்டாம்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஊர்ப் புளியமரத்தடியால் மத்தியானத்தில் ஒருவரும் போகமாட்டார்கள், நான் அதற்குக் கீழேதான் மாடு கட்டி வைத்திருந்தேன், மாடும் நன்றாகத்தான் கறந்தது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான், ஆனால் என்னை இதுவரை ஒருவரும் ஏமாற்றினது கிடையாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், முழுவதையும் கேட்டுவிட்டு, மனுசிக்கு வயது போய்விட்டது, எதையோ போட்டுக் குழப்புகிறா என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நினைத்தாலும் நடந்தது நடந்ததுதான். இப்படியான சங்கதியெல்லாம் நடுச்சாமத்தில்தான் நடக்குமாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு வந்த நேரத்தில்.

அது சமாதான காலம், இல்லை, சமாதானம் முடிகிற காலம் என்று சொல்ல வேண்டும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்னறையை மோகன் வாடகைக்கு எடுத்திருந்தான். உருத்திரபுரத்து ஆள், கலியாணம் முடித்தவன், வீடியோ எடிற்றிங் அவன் தொழில். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று கசெற்றில் பிடித்து வந்ததைக் கொம்பியூட்டருக்குள் இறக்கி, வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு, டிஸ்க்கில் அடித்துக் கொடுப்பான். யன்னல் முழுக்கக் கறுப்புத் துணி, வெளியே ஜெனரேற்றர், உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது.

கொம்பியூட்டரில் பழைய எடிற்றிங் புரோகிராமோடு இருந்தவரைக்கும் அவன் வாயில் பாட்டு இருந்தது. கொழும்பிலிருந்து யாரோ புதிது ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பழையதைத் திருத்தினது இல்லையாம், அடியிலிருந்து புதிதாக எழுதினதாம். அதைப் போட்ட நாளிலிருந்து அந்த அறையிலிருந்து வந்தது பாட்டு இல்லை, பேச்சு. நான் குசினியில் நின்று கேட்பேன், மனுசனைத் திட்டுகிறமாதிரியே அந்தப் பெட்டியைத் திட்டுவான்.

முல்லைத்தீவில் இதே தொழில் செய்த அன்சார் நானா சில நாட்களில் வருவார். இரண்டு பேரும் எனது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஒப்பாரிதான்.

"பழையதிலை ஒரு துண்டை வைச்சா வைச்ச இடத்திலை கிடக்கும் நானா. இது காந்தம் மாதிரி. ஒண்டைத் தொட்டா மற்றதெல்லாம் ஓடுது."

"எனக்கு நேத்துத் தாலி கட்ட முந்தியே எல்லாரும் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன சொல்ற?"

"புது முறைக் கலியாணம் எண்டு சொல்லுங்கோ."

"சிரிக்காத மோகன். சேவ் பண்ணப் போனா மூடிக்கிட்டுப் போகுது."

"உதை எழுதினவன்ர வீட்டிலை ஒரு கலியாணம் நடக்கவேணும், அந்த வீடியோவை நான் உதிலையே செய்து குடுக்கவேணும். அப்பதான் என்ர மனம் ஆறும்."

அப்படியென்றால் பழையதற்கே திரும்பிப் போவதுதானே என்று நான் கேட்டேன். படிக்காதவள் கேட்ட கேள்வி என்றாலும் சரியான கேள்விதான். மோகன் தலையைச் சொறிந்தான்.

"போகேலாது அம்மா. இதிலை ஒருக்கா திறந்த வேலையைப் பழசு திறக்காது. உள்ளுக்குப் போனா வெளியிலை வர வழியில்லை."

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுதா, இளையவன் கண்ணன். முதல்தரம் சண்டைக்குக் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடினபோது, கண்ணன் ஸ்கந்தபுரம் வரைக்கும் எங்களோடு வந்துவிட்டு, "தையல் மிசினை எடுத்துக்கொண்டு வாறன் அம்மா" என்று சைக்கிளைத் திருப்பினவன். அவ்வளவுதான். செத்துப்போனான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

சுதாவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்து, அவர் வந்து, கண்டாவளையில் கலியாணம் நடந்தது. எங்கள் முறையில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பிதான் செம்பில் தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். தம்பி இல்லாதபடியால் என் அவரின் அண்ணன் மகன் நேசன் கழுவினான். எல்லாம் முடிந்த பிறகு நேசன் வந்து மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்.

"சித்தி, இது கண்ணன்ர. அவன் வந்தாப்பிறகு குடுங்கோ."

நான் அதை கற்பூரம் வந்த ஒரு தகரப் பேணிக்குள் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். சுதாவுக்குக் கொழும்பில் விசா விசாரணை. அல்பத்தோடு கலியாண வீடியோவும் கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் உண்மைக் கலியாணம் என்று நம்பமாட்டார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வெளியே போவதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுத்தாயிற்று, அதில் போட்ட நாளுக்கு ஒரு நாள்தான் இருந்தது. பாதை பூட்டப்போகிறது என்று சந்தை முழுக்க ஒரே கதை. விடிய வான் வெளிக்கிடும், ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிவிட்டால் என் பிள்ளை தப்பிவிட்டாள், தாண்டாவிட்டால் எங்களோடு உள்ளேதான். வீடியோ மட்டும் முடியவில்லை.

அதுவரை முடியாததற்கும் நான்தான் காரணம் என்று மோகன் சொல்வான். அந்த நாளில் எடிற்றிங் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணத்துக்கு வராத சொந்தங்களின் படத்தை வீடியோவின் கடைசியில் போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் படத்தைச் சுற்றி ஒரு பிளேன் பறக்கும். செத்தவர் என்றால் படத்துக்குக் கீழே விளக்கு எரியும். என் அவருக்கு விளக்கு, ஜேர்மனியில் இருக்கிற தங்கச்சிக்குப் பிளேன். கண்ணன் ஸ்ரூடியோக் கதிரையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு இருக்கிற படத்தை நான் கொடுத்தபோது மோகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு என்ன போட அம்மா?"

"விளக்கும் வேண்டாம், பிளேனும் வேண்டாம். பிள்ளையைச் சும்மா விடு."

"நான் விடுவன். இது விடாது. பழசு எண்டா வெறும் படத்தை வைக்கலாம். புதுசிலை விளக்கோ பிளேனோ ஏதோ ஒரு பிறேம் குடுக்காட்டி உள்ளுக்கே எடுக்குதில்லை."

"அப்ப உன்ர புதுசைக் கொண்டுபோய்க் குளத்திலை போடு," என்றேன். நான் அப்படித்தான் கதைப்பேன்.

பயணத்துக்கு முதல்நாள் மத்தியானம் சரியான மழை. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. சுதா பின் அறையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மோகனுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்தேன், முடியும்வரைக்கும் எழும்புவதில்லை என்று. மோகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், நான் இல்லாத நேரம் விளக்குப் போட்டுப் பார்த்தானாம், போட்டவுடன் புரோகிராம் மூடிவிட்டதாம். பிளேன் போட்டானாம், அப்படியே மூடிவிட்டதாம், திறந்தால் படம் பிளேனோடு கடைசியில் கிடக்குமாம், ஓட்டினால் திரும்ப மூடுமாம். மற்ற இரண்டு படத்துக்கும் அது அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"விளக்கோ?" என்றேன். "ஆரைக் கேட்டு என்ர பிள்ளைக்கு விளக்கு வைச்சனி?"

"கோவிக்காதேங்கோ அம்மா. விடியப் போகவேணும் எண்டுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு எழும்பிப் போயிருப்பேன். ஆனால் பின் அறையில் மற்றப் பிள்ளை பெட்டி அடுக்குகிறாள். ஒருத்தியை வெளியே விட ஒருவனை எடுக்க வேண்டும் என்றால் எந்தத் தாய் என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னேன்.

"அவனை எடுத்துவிடு. வீடியோவிலை வேண்டாம்."

மோகன் எடுத்தான். படம் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து டிஸ்க்குக்குத் தயார் செய்கிற வேலையைத் தட்டிவிட்டான். நீலக் கோடு ஒன்று மெல்ல ஓடும், அது அந்தம் வரைக்கும் போனால் சரி. அது கொஞ்சத் தூரம் போய் நின்றது. மூடித் திறந்தான், திரும்ப ஓட்டினான், அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரம் நின்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவன் கையை எடுத்துவிட்டான்.

மாப்பிள்ளையின் கால் கழுவுகிற இடம். நேசன் குனிந்து தண்ணீர் ஊற்றுகிறான். மூலையில் கண்ணனின் படம் நிற்கிறது. விளக்கு இல்லை, பிளேன் இல்லை, ஒரு பிறேமும் இல்லை.

"இதை நீ வைச்சனியோ?"

"என்ர பிள்ளையள் மேலை சத்தியம் அம்மா, நான் எடுத்தனான். நீங்களும் பார்த்தனீங்கள்தானே. பிறேம் இல்லாமல் வைக்கவே ஏலாதே இதிலை." பிறகு தனக்குத்தானே சொல்கிறமாதிரி, "காந்தம் மாதிரி இழுக்கிற சாமான், எங்கையோ கிடந்ததை இழுத்துப் போட்டிருக்கும்," என்றான். திரும்ப எடுத்தான். திரும்ப வந்தது. அதே இடம். கடைசியில் போட்டிருந்த படம், எத்தனையோ துண்டு தாண்டி, தான் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. மோகனுக்கு அந்த முறை ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது. மின்விசிறி நின்றது, லைற் போனது. கொம்பியூட்டர் போகவில்லை.

இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரிப் பெட்டி இருக்கும் என்று பிறகு இதைக் கேட்ட மருமகன் சொன்னார். இருந்தது, அது செத்து வாசலில் கிடந்தது, நான் அதற்கு மேலேதான் கால்மிதி காயப்போடுகிறனான். மோகன் எழும்பிச் சுவரிலிருந்த வயரையே பிடுங்கினான். வயர் அவன் கையில், கண்ணன் திரையில். அந்த வெளிச்சத்தில் மோகன் வயரைக் கீழே போட்டான். கதவுக்கு ஓடினான், மழைக்குப் பலகை ஊறி இறுகிவிட்டது, இழுக்க இழுக்க வரவில்லை. யன்னலுக்குத் துணிக்கு மேலே பலகை அடித்திருந்தது. அவன் கதவில் அடிக்கிறான், சுதா சுதா என்று கத்துகிறான், கூரையில் மழை அதைவிடக் கத்துகிறது.

நான் எழும்பவில்லை. பயமில்லை என்று சொல்லமாட்டேன். பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. அந்த இடத்தில் மேளமும் நாதஸ்வரமும் கேட்க வேண்டும், கலியாணத்தன்று காதைப் பிளந்தது எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும். செம்பிலிருந்து மெல்ல, முடியாமல், ஊற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே மழை வேறு, இது வேறு. எனக்கு இரண்டும் பிரித்துத் தெரியும்.

என்ன நினைத்தேனோ தெரியாது, திரையைப் பார்த்துக் கதைத்தேன். இதையெல்லாம் நம்பாத நான்.

"கண்ணன், அக்கா விடியப் போகவேணும் ராசா. அவளை விடு. நீ அதிலையே நில்லு. ஒருத்தரும் உன்னை எடுக்கமாட்டினம்."

மோகன் கதவை அடிப்பதை நிறுத்திவிட்டான். நீலக் கோடு அசைந்தது. அவனும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம், கோடு ஒரேயடியாக ஓடாமல், ஆறுதலாக, அந்தம் வரைக்கும் போனது. டிஸ்க் வைக்கிற தட்டு தானாக வெளியே வந்தது. பிறகுதான் திரை இருண்டது. கதவை வெளியிலிருந்து சுதா ஒரு தள்ளுத் தள்ள, திறந்துவிட்டது.

"ஏன் ரெண்டு பேரும் இருட்டுக்குள்ளை இருக்கிறியள்? சோறு ஆறுது," என்றாள்.

அப்போது நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்க் சூடாக இருந்தது. மறுநாள் வவுனியா வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு, வீடும் மாடும் இருக்கிறதே என்று திரும்பி வந்தேன். சில நாளில் பாதை பூட்டினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் உள்ளேதான், சண்டைக்குள், அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

சுதாவுக்கு விசா கிடைத்தது. கனடா போய்ச் சேர்ந்தபிறகு எனக்குத் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்தாள். வீடியோ போட்டுப் பார்த்தாளாம்.

"அம்மா, கால் கழுவுற இடத்திலை தம்பியின்ர படம் போட்டது நல்லாயிருக்கு. ஆனா அவன்ர விரலிலை மோதிரம் ஒண்டு தெரியுது. மோகன் அண்ணை கொம்பியூட்டரிலை கீறிப் போட்டவரோ?"

அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது. கதிரைக் கையில் நீட்டி வைத்த விரல்கள் வெறும் விரல்கள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து கற்பூரப் பேணியை எடுத்தேன். மூடியில் கை வைத்துவிட்டு, ஏனோ திறக்காமல் காதருகே வைத்து ஆட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டேன். பொழுதுபடத் திரும்ப எடுத்து ஆட்டினேன், உள்ளே மோதிரம் கிலுங்கியது. அன்றைக்கே, ஒருவரும் திறக்காதபடி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டினேன். கடைசி இடப்பெயர்வில் அந்த வீடு, அலுமாரி, மாடு எல்லாம் போனது, பேணி என் சேலை முடிச்சில் வந்தது. மோகன் இப்போது பரந்தனில் போன் திருத்துகிறான். கேட்டால், "அது புதுசின்ர பிழை அம்மா, எல்லாருக்கும் உப்பிடித்தான் செய்தது," என்று சிரிப்பான். ஆனால் எடிற்றிங்குக்கு அவன் திரும்பிப் போகவில்லை.

திறந்து பாருங்கோவன் அம்மா என்று சுதா ஒவ்வொரு தரமும் சொல்கிறாள். நான் திறக்கமாட்டேன், விளக்கோ பிளேனோ என்று அந்தப் பேணி எனக்குச் சொல்ல வேண்டாம். காலையில் எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பேணியைக் காதருகே வைத்து ஆட்டுவேன். சில நாள் கிலுங்கும். சில நாள் ஒரு சத்தமும் இருக்காது. இன்றைக்கு நான் இன்னும் ஆட்டிப் பார்க்கவில்லை.